தொழுவத்து நாற்றமும் தொற்றுக் கிருமியும்

ஒரு குடியானவர் வீட்டுத் தொழுவத்திற்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ள நேர்ந்தால், அத்தொழுவம் அசுத்தமானது என்று எவரும் சொல்லுவர். அதே தொழுவத்தில் ஒரு வாளி பினாயில் கரைசலைத் தெளித்து, மூலையில் வேப்பிலையும் சாம்பிராணியும் புகையவிட்டால், வந்தவர் அது நன்கு சுத்தி செய்யப்பட்டிருக்கிறது என்று சொல்லிப் போவார். இவ்விரண்டு அபிப்பிராயங்களில் முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது பெரும்பாலும் தவறு. நாற்றத்தைப் போக்குவது ஒரு காரியம். நோய்க் கிருமியை அழிப்பது வேறு காரியம். இரண்டையும் ஒன்றென்று கொண்டதால் நம்மவர்கள் இரு வழியில் நஷ்டம் அடைந்து வருகிறார்கள். நாற்றத்தோடு எருவின் சத்து பறந்துபோகிறது. பினாயிலை நம்பியிருக்கும்போது கோமாரி உள்ளே வந்துவிடுகிறது. இவ்விரு நஷ்டங்களையும் குறித்தே இக்கட்டுரையில் சொல்லக் கருதுகிறோம்.

இத்தவறு நம் குடியானவர்களுக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்களும் துர்நாற்றமே வியாதி என்று நம்பினார்கள். இங்கிலாந்தில் சுகாதாரச் சீர்திருத்தத்திற்காக வெகுவாக உழைத்த எட்வின் சாட்விக் 1846-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் அளித்தபோது இக்கருத்தையே கூறினார். 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல், லண்டன் பார்லிமெண்டு மாளிகையின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில், அதாவது இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் பொருளின் கரைசலில், நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் காலரா பரவுவது நாற்றத்தால் அன்று, அசுத்த ஜலத்தால் என்று ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் அதற்கு 4 வருஷங்களுக்கு முன்னரே, 1854-இல், எடுத்துக் காட்டியிருந்தார். அவர் சொல்லை அப்போது ஏற்றவர் சிலரே.

எனினும் நாற்றத்தைத் தேடிப் போனவர்கள் தற்செயலாகக் கிருமியைக் கொன்றதும் உண்டு. வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வெய்ஸ் என்னும் டாக்டர், பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கைகளுடன் மாணாக்கர்கள் பிரசவம் பார்ப்பதே தாய்மார்களின் ஜுர மரணத்திற்குக் காரணம் என்று ஊகித்தார். சோப்பினால் கழுவியும் கையில் பிண நாற்றம் போகவில்லை. பிளீச்சிங் பவுடர்க் கரைசலில் கழுவினால் போயிற்று. அதனால் அதையே 1847-ஆம் வருஷம் மே மாதத்தில் கட்டாயமாக்கினார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18-க்கு மேல் இருந்த மரணம் ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. அவ்வாறே லிஸ்டர் என்னும் ரண வைத்தியர் கார்பாலிக் அமிலத்தைக் கையில் எடுத்ததற்கும் தூண்டுகோலாக இருந்தது ஒரு விவசாயச் செய்தியே. கார்லைல் என்னும் ஊரின் சாக்கடை நீரில் அதைச் சிறிது சேர்த்து வயல்களுக்குப் பாய்ச்சியபோது நாற்றம் நின்றதுமன்றி, அப்புல்லை மேய்ந்த மாடுகளுக்கு வழக்கமாகக் காணும் புழு உபத்திரவமும் குறைந்ததாக அவர் கேள்விப்பட்டார். நம் பினாயில் புட்டியில் உள்ள கிரெசால் முதலியவை அந்தக் கார்பாலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பினாயில் வீண் பொருள் என்று யாம் சொல்லவில்லை. அது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஊற்றுவதே வீண்.

முதலில் நாற்றத்தைப் பார்ப்போம். தொழுவத்தில் கண்ணைக் கரிக்கச் செய்யும் காரமான நாற்றம் அமோனியா என்னும் நவச்சார வாயுவினால் உண்டாவது. மாட்டின் மூத்திரம் வெளிவரும்போது அதில் இவ்வாயு அநேகமாக இல்லை. யூரியா என்னும் பொருளே இருக்கிறது. நாம் கடையில் மூட்டையாக வாங்கும் யூரியாவும் இதுவே. சாணத்திலும் பழைய தரையின் ஈரத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் ஒரு நொதி இந்த யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்குகிறது. மூத்திரமும் சாணமும் ஒன்றோடொன்று மிதிபட்டுக் கலந்து தேங்கும் தரையில் இது சில மணி நேரத்திற்குள் தொடங்கிவிடுகிறது. மூத்திரம் உடனே வடிந்து வெளியேறும் தரையில் மிகக் குறைவாகவே நடக்கிறது. ஆகையால் நாற்றத்தின் வேர் தரையின் வாட்டத்தில் இருக்கிறதேயன்றி, வாசனைத் திரவியம் இல்லாக் குறையில் இல்லை.

தீனி ஒழுங்காகத் தின்னும் மாடு ஒன்று நாளொன்றுக்கு 8 லிட்டர் மூத்திரம் பெய்வதாகக் குறைத்தே கணக்கிடுவோம். அதில் நூற்றுக்கு 1 பங்கு அளவில் தழைச்சத்து உண்டு. நாளொன்றுக்கு 80 கிராம் ஆயிற்று. வருஷத்திற்கு 29 கிலோ ஆயிற்று. யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அவ்விகிதப்படி 29 கிலோ என்பது 63 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டை ஒன்றுக்கும் மேல். எவ்வளவு ஜாக்கிரதையாகச் சேர்த்தாலும் அவ்வளவும் வயலுக்கு வந்து சேராது என்பது மெய்தான். ஆனால் 4 மாடு கட்டியுள்ள ஒரு மிராசுதாரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தொழுவத்தைக் கடக்கும்போதெல்லாம், தம் பணத்தின் வாசனையைத்தான் முகராமல் தப்பிக்கப் பார்க்கிறார். சாம்பிராணி போட்டு மறைப்பதால் அந்தப் பணம் திரும்பி வருவதில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைக் குறிப்பாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. நாற்றம் மிகுந்தால் சாணக் குழம்பின் மேலும் எருக்குழியின் மேலும் சுண்ணாம்புத் தூளை இறைப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சிலர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறார்கள். இரண்டும் காரத்தன்மை உடையவை. சாணத்தில் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும் அமோனியாவைக் காரம் விரட்டி வாயுவாக வெளியேற்றிவிடும். இதை நம்பாதவர் பரீட்சித்துப் பார்க்கலாம். மூத்திரத்தில் ஊறிய சாணம் சிறிது எடுத்து ஒரு டப்பாவிலிட்டு, அதில் ஒரு பிடி சுண்ணாம்பைக் கலந்து, சற்றுப் பொறுத்து முகர்ந்து பார்த்தால் மூக்கே சாட்சி சொல்லும். சுண்ணாம்புக்கு வேறு உத்தியோகம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம். எருவின் மேல் அதற்கு வேலை இல்லை.

எருவில் நாற்றத்தை அடக்க விரும்புவோர் ஜிப்சத்தையாவது சூப்பர் பாஸ்பேட்டையாவது பயன்படுத்தட்டும். ஜிப்சம் அமோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்னும் நிலையான உப்பாகிறது. சூப்பர் பாஸ்பேட்டில் ஜிப்சமும் உண்டு, சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு. போதாததற்கு நம் சாணத்தில் குறைவாக உள்ள மணிச்சத்தும் கூடுகிறது. ஆனால் இவற்றை மாடு படுக்கும் இடத்தில் தூவலாகாது; குளம்பிடுக்கையும் மடியையும் அரிக்கக்கூடும். மூத்திரக் கால்வாயிலும் திறந்த எருக்குழியிலும் மட்டும் தூவ வேண்டும். மூடிய தொட்டியில் சாணக் கரைசலைத் தேக்கி வைப்போர் ஜிப்சத்தை அதில் சேர்க்கவே கூடாது. காற்றில்லாத இடத்தில் ஜிப்சத்திலுள்ள கந்தகம் அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷ வாயுவாக மாறும். அத்தொட்டியைக் கலக்கும் ஆளின் உயிருக்கே அது ஆபத்து.

இவற்றையெல்லாம் விடச் செலவில்லாத மருந்து காய்ந்த மண். இங்கிலாந்தில் ஹென்றி மூல் என்னும் பாதிரியார் உலர்ந்த மண்ணே மலத்தின் நாற்றத்தை அடக்கிவிடும் என்று கண்டு, 1860-ஆம் வருஷத்தில் மண் கக்கூஸ் ஒன்றுக்குப் பேடெண்டு வாங்கினார். மூத்திரத்தை மண்ணில் ஊறவிட்டு எருவாக்கும் வழக்கம் நம் பக்கத்துக் குடியானவர்களுக்கும் புதிதன்று. தொழுவத்துத் தரையில் காய்ந்த வண்டல் மண்ணையோ கரம்பை மண்ணையோ அரை அடி கனத்திற்குப் பரப்பி, ஈரமான இடத்தைக் கிளறிவிட்டு, நன்றாக ஊறியதும் வாரி எருக்குழியில் போட்டுவிட்டுப் புது மண் போடும் முறை முன்பு பல இடங்களில் இருந்தது. சிமெண்டுத் தளம் வந்ததும் இதைக் கைவிட்டவர் பலர். தளம் போட்டவர்களும் வாட்டம் சரியாக விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 40 அடிக்கு 1 அடி வாட்டமும், மாட்டின் பின்புறம் ஓர் ஆழமற்ற கால்வாயும் இல்லாத சிமெண்டுத் தளம், குளம் வெட்டியதற்கு ஒப்பாகும். நல்ல மண் தரை அதைவிட மேல்.

காற்றோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அமோனியா காற்றைவிட லேசானது. மாட்டின் உடல் சூட்டால் காற்றும் மேலே எழும்பும். ஆகவே கூரையின் முகட்டிலோ அதன் அடியிலோ வழி இருந்தால் தானே போய்விடும். மார்கழிப் பனியில் கன்று நடுங்குமென்று நாலு புறமும் சாக்குத் துணியால் அடைத்துவிடுகிறார்கள். கன்று தரைக்கு அருகில் மூக்கை வைத்துப் படுப்பது. நாற்றத்தின் ஊற்றுக்கண்ணும் அங்கேதான். அமோனியா மூச்சுக்குழலின் உட்தோலை நைந்துபோகச் செய்து, கபவாத நோய்க்கு வழி திறந்துவிடுகிறது. கீழ்ப்புறம் அடைத்து மேற்புறம் திறந்துவிடுவதே முறை. கோழிப் பண்ணை வைத்திருப்போர் இதில் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 25 பங்கு அமோனியாவுக்கு மேற்படலாகாதென்பது அங்குப் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. அளக்கும் கருவி இல்லாதவர் தம் மூக்கை நம்பக்கூடாது. நாள்தோறும் முகர்ந்த மூக்கு மரத்துவிடும். அடுத்த ஊரிலிருந்து வரும் சம்பந்தியைக் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று, அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பதே நல்ல கருவி.

நாற்றம் இவ்வாறு அடங்கிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அங்கே நோய்க் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. கோமாரியை உண்டாக்கும் கிருமிக்கு நாற்றம் கிடையாது. கார்த்திகை மாதத்துச் சந்தையில் வாங்கிய மாட்டின் எச்சிலிலோ, அதை ஓட்டிவந்தவர் செருப்பிலோ, கயிற்றிலோ, வண்டிச் சக்கரத்திலோ அது வந்து சேரும். தொழுவம் ரோஜாப்பூ மணம் வீசினாலும் அது தயங்கப்போவதில்லை.

கோமாரி வந்தது என்று கேள்விப்பட்டதும் ஊரில் எல்லோரும் செய்வது யாது? பினாயில் புட்டியை எடுப்பதே. ஆனால் உலகக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனம் இந்நோயைப் பற்றி வெளியிட்டுள்ள குறிப்பில், கோமாரிக் கிருமி பினாயில் இனத்தைச் சேர்ந்த மருந்துகளுக்கும், அயோடின் கலந்த மருந்துகளுக்கும், பிளீச்சிங் பவுடர் இனத்துக்கும், அதிலும் சாணம் முதலிய அசுத்தம் கலந்திருக்குமிடத்தில், எளிதில் மடிவதில்லை என்று கண்டிருக்கிறது. அதாவது, நாம் வழக்கமாக எதை நம்புகிறோமோ அதுவே கோமாரிக்கு ஏற்ற மருந்தன்று. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மிகுந்த புளிப்பையும் மிகுந்த காரத்தையும் அது தாங்காது. நூற்றுக்கு 4 பங்கு சலவைச் சோடாக் கரைசல் அதற்குப் போதும்.

சலவைச் சோடா மளிகைக் கடையில் கிடைக்கும் பொருள். பினாயிலைவிட விலை அதிகமன்று. தூளாக, ஈரமற்று இருக்குமானால் லிட்டருக்கு 40 கிராம் போட வேண்டும். கண்ணாடிக் கற்கண்டு போல் கட்டியாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் நீரே. அப்போது லிட்டருக்கு 110 கிராம் வரை போட வேண்டும். இந்த வித்தியாசத்தை அறியாமல் கட்டிச் சோடாவை 40 கிராம் போட்டவர்கள் பலன் இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வெந்நீரில் கரைத்தால் கொழுப்பையும் சாணப் பசையையும் அது சேர்ந்தே அகற்றும். ஆப்பச் சோடா வேறு. அது இதற்கு உதவாது. அலுமினியப் பால் பாத்திரங்களில் சலவைச் சோடாவைப் படவிடக்கூடாது, உலோகத்தை அரித்துவிடும்.

எந்த மருந்தாயினும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அதைச் செய்யாதவர்களே பெரும்பான்மையோர். சாணத்தையும் தீனிக் கழிவையும் வாரி, ஒட்டியிருப்பதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தேய்த்து, வடியவிட்டு, உலரவிட வேண்டும். கிருமியில் பெரும் பகுதி இதிலேயே போய்விடுகிறது. மீதியைக் கொல்வதே மருந்தின் வேலை. சாணத்தின் மேல் ஊற்றிய மருந்து சாணத்தோடு சண்டையிட்டே தீர்ந்துபோகும். அடியிலிருக்கும் கிருமியை எட்டாது. சுத்தமாகிக் காய்ந்த தரையில் மருந்தைத் தாராளமாக விட்டு, அரை மணி நேரமாவது ஈரமாக இருக்கும்படி பார்த்து, பிறகு தீனித் தொட்டிகளை நல்ல ஜலத்தால் அலம்பி மாட்டைக் கட்ட வேண்டும். தெளித்த மாத்திரத்தில் கிருமி செத்துவிடும் என்பது மந்திர நம்பிக்கையே. தொழுவ வாசலில் மருந்துத் தொட்டி வைத்துக் காலை நனைத்து வருவோர், செருப்பின் சேற்றை முதலில் உரசிப் போக்கவில்லையென்றால், அதுவும் சடங்கே.

சுவருக்கு உரிய மருந்து சுண்ணாம்பு. முன்னர் எருவின் மேல் வேண்டாம் என்றதை இங்கே வேண்டும் என்கிறோம். கடுங்காரமாகையால் புதிதாக நீற்றிய சுண்ணாம்புப் பால் பல கிருமிகளை மாய்க்கும், பிளவுகளையும் அடைக்கும். ஆனால் புதிதாக என்பதே முக்கியம். நீற்றிய சுண்ணாம்பு நாள்பட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, சுடுவதற்கு முன் இருந்த சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடும். சென்ற பொங்கலுக்கு வாங்கி மூலையில் பொடியாகிக் கிடக்கும் சுண்ணாம்பு பார்வைக்கு வெண்மை தரும்; கிருமிக்குப் பயமில்லை. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். சிறுவர்களை அருகே விடலாகாது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடக்கூடும்.

பால் கறக்கும் இடத்தில் பினாயில் வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பால் அண்டையிலுள்ள வாசனையை வெகு விரைவில் ஏற்றுக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கத்தில் பால் திருப்பி அனுப்பப்பட்டபின் அன்று காலையில் என்ன தெளித்தோம் என்று யோசிப்பதில் பிரயோஜனமில்லை.

இனி ஊராட்சியின் பொறுப்பில் இருப்போருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் தெருவின் இரு ஓரங்களிலும் பிளீச்சிங் பவுடரைக் கோலம்போல் இறைப்பது நம் ஊர்களில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. காய்ந்த மண்ணில் கிடக்கும் தூள் எக்கிருமியையும் கொல்லுவதில்லை. வெயிலிலும் காற்றிலும் சில மணி நேரத்தில் வீரியம் கெட்டுவிடும். 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் பரவியபோது தெருக்களிலும், சில இடங்களில் மனிதர் மேலேயே, இம்மருந்து பீச்சப்பட்டது. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் மனிதர் மேல் பீச்சுவது கூடாது என்று அறிவித்தது. மே மாதத்தில் உலகச் சுகாதார ஸ்தாபனம் தெருக்களில் பீச்சுவதால் பயனில்லை என்று அறிவித்தது. நோய் அடங்கிற்று, கோலம் போடுவது மட்டும் அடங்கவில்லை.

அதே தூளுக்குச் சரியான இடம் கிணறும் மேல்நிலைத் தொட்டியும். தெளிந்த ஜலம் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2½ கிராம் என்பது வழக்கமான அளவு. அக்கணக்கில் தெருவோரத்தில் கொட்டும் 1 கிலோ தூள் 4,00,000 லிட்டர் குடிநீரைச் சுத்தி செய்திருக்கும். நல்ல தூள் என்றது நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் குளோரின் உள்ளதை. மூட்டையை அவிழ்த்தபடியே ஊராட்சி அலுவலகத்தின் ஈர மூலையில் போட்டு வைத்தால் மழைக்காலத்திற்குள் பெயர் மட்டும் மிஞ்சும். இறுக மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில், இருட்டான உலர்ந்த இடத்தில், தேதி எழுதி வைத்தல் வேண்டும். கொள்முதல் கணக்கைத் தணிக்கை செய்வோர் எடையைப் பார்ப்பதோடு நில்லாமல் வீரியத்தையும் பார்ப்பார்களானால் நன்று.

கழுவித் துடைத்த சிமெண்டுத் தரைக்கும் பிளீச்சிங் பவுடர் பயன்படும். லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் கரைத்துத் தெளிந்த நீரை உபயோகிக்கலாம். ஆனால் மூத்திரம் ஊறிய தொழுவத்தில் அதை அப்படியே கொட்டுவது அபாயம். குளோரினும் அமோனியாவும் சேர்ந்து குளோரமின் என்னும் எரிச்சலூட்டும் வாயு உண்டாகும். மாட்டுக்கும் மனிதனுக்கும் நெஞ்சை அடைக்கும். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு அது சேர்ந்தாலோ குளோரின் வாயுவே வெளிப்படும். பினாயிலோடு கலந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்னும் எண்ணத்தை மருந்துக் கடைக்காரர் மறுத்துச் சொல்லுவதில்லை. இரண்டு புட்டி விற்பது அவருக்குச் சம்மதமே.

வீட்டு அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல் போட்டு வைக்கும் உள்ளறையில் முடை நாற்றம் வீசுகிறதென்றால், ஓடு ஒழுகுகிறதா, சுவரடியில் ஈரம் ஏறுகிறதா, எலி செத்துக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று கடைகளில் பீச்சான் குழலில் அடைத்து விற்கும் மல்லிகை, சந்தன வாசனைகள் இவற்றில் எதையும் சொல்லாமல் மறைத்துவிடும். நாற்றம் காவல் நாய் போன்றது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது புத்தியாகாது. கதவையும் பலகணியையும் பகலில் திறந்து வைத்து வெயிலை உள்ளே விடுவதற்கு விலை இல்லை. புகை மூட்டம் கொசுவையும் ஈயையும் சற்று நேரம் விரட்டும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். தரையிலும் சுவரிலும் உள்ள கிருமியை அது தொடாது. மூடிய அறையில் அதைப் போட்டுக் குழந்தையைத் தூங்கவைப்பது கெடுதல்.

இவ்வளவு உழைப்புக்கும் தளச் செலவுக்கும் ஆள் ஏது, பணம் ஏது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. நம் அபிப்பிராயம், அன்றாடம் மருந்து வேண்டுவதில்லை என்பதே. அன்றாடம் வேண்டுவன மண்வெட்டியும், துடைப்பமும், வடிகாலும். மருந்து வேண்டிய சமயங்கள் சில: புது மாடு வாங்கிக் கட்டுவதற்கு முன்பும், கன்று ஈனும் இடத்தைத் தயார் செய்யும்போதும், ஊரிலோ பக்கத்து ஊரிலோ தொற்றுநோய் கண்டபோதும், நோய் தீர்ந்த மாட்டின் இடத்தில் வேறு மாடு கட்டுவதற்கு முன்பும். தினந்தோறும் அரை மூடி பினாயில் என்று வருஷம் முழுவதும் செலவிடும் தொகையைச் சேர்த்து, ஒரு கால்வாய்க்கும் எருக்குழிக்கும் போட்டால் போதும். தடுப்பூசியையும் இதற்கு மாற்றாகக் கருதலாகாது, இதைத் தடுப்பூசிக்கு மாற்றாகவும் கருதலாகாது. 2019-ஆம் வருஷம் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரிக்கு இலவசமாகவே ஊசி போடப்படுகிறது. ஊசிக்காரர் வரும்போது மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, பிறகு தொழுவத்தில் மருந்து தெளிப்பதில் அர்த்தமில்லை.

இங்குச் சொன்ன முறைகள் எதற்கும் அடங்காத ஒன்று அடைப்பான். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் கசிந்தால், அதை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. தொழுவத்தைக் கழுவவும் கூடாது. ராபர்ட் காக் 1876-ஆம் வருஷத்தில் விளக்கிக் காட்டியபடி, இக்கிருமி காற்றுப் பட்டால் விதை போன்ற ஓர் உறைக்குள் ஒடுங்கிவிடும். அவ்வுறைக் கிருமி மண்ணில் பல பத்து வருஷங்கள் கிடந்து பிழைக்கும். சலவைச் சோடாவோ, பினாயிலோ, சுண்ணாம்போ அதை அழிக்கப் போதா. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மேய்ச்சல் நிலத்துக்கு விதைத்ததாகவே முடியும். பிணத்தை மூடி, நாயும் காக்கையும் அண்டாமல் காவல் வைத்து, கால்நடை டாக்டருக்கு ஆள் அனுப்புவது ஒன்றே செய்யத்தக்கது. மனிதருக்கும் தொற்றும் நோயாகையால் அவர் வரும்வரை ஒருவரும் தொடலாகாது.

2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அட்டவணையிலுள்ள நோய் என்று சந்தேகம் தோன்றினால் மாட்டின் சொந்தக்காரர் அதைக் கிராம உத்தியோகஸ்தருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கேட்டவர் அண்மையிலுள்ள கால்நடை டாக்டருக்கு அதை எழுத்து மூலம் தெரிவிக்கலாம். கோமாரியும் அடைப்பானும் அந்த அட்டவணையில் உள்ளவையே. செய்தி வெளியே தெரிந்தால் சந்தை நின்றுபோகும், பால் விற்காது என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். உத்தியோகஸ்தர்களும் வீண் வம்பு என்று வாளாவிருக்கிறார்கள். மறைத்த 4 நாளைக்குள் பக்கத்துத் தொழுவங்களிலும் மாடு வாயில் நுரை தள்ளி நிற்கும். அப்பொழுது எழுதும் ரிப்போர்ட்டைச் சந்தேகம் தோன்றிய முதல் நாளிலேயே எழுதிவிடலாம்.